தோட்டத்துப் பிள்ளை துகள் இயற்பியல் ஆய்வாளராவது எப்படி?

படிவம் நான்கிலோ ஐந்திலோ இயற்பியல் எடுத்து, துகள்களை வேகமாக ஓட்டி மோதவிடும் பெரிய முடுக்கியில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையை வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும், அந்த ஆசையைக் கேட்டுத் திகைத்துப் போன அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளி, படிவம் ஆறு, உள்ளூரில் பட்டம், வெளிநாட்டில் பி.எச்.டி. இப்போது துகள் மோதல்களைப் பதிவு செய்யும் சி.எம்.எஸ். என்ற டிடெக்டரில் வேலை செய்கிறேன். டாக்டராகவோ வக்கீலாகவோ ஆவது எப்படி என்றால் நம் ஊரில் விசாரிக்க ஆள் உண்டு. இதற்கு யாரும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று பாருங்கள். ஜெனீவா நகரத்தை ஒட்டி, சுவிட்சர்லாந்து பிரான்ஸ் எல்லையில், தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று இருக்கிறது. பெயர் எல்.எச்.சி. 1954-இல் தொடங்கிய செர்ன் ஆய்வுக்கூடம் அதை நடத்துகிறது. எதிரெதிராக ஓடும் புரோட்டான் கற்றைகள் நான்கு இடங்களில் மோதும். அங்கேதான் அட்லஸ், சி.எம்.எஸ்., ஆலிஸ், எல்.எச்.சி.பி. என்ற பெரிய டிடெக்டர்கள் நிற்கின்றன. எங்கள் சி.எம்.எஸ். 21 மீட்டர் நீளம், 14,000 டன் எடை. கற்றைகள் விநாடிக்கு 4 கோடி முறை குறுக்கிடுகின்றன. அவ்வளவையும் சேமித்து வைக்க வழியில்லை. ட்ரிகர் என்ற அமைப்பு அதை முதலில் விநாடிக்குச் சுமார் ஒரு லட்சமாகவும், பிறகு சில ஆயிரமாகவும் குறைக்கிறது. தூக்கிப் போட்டது திரும்பி வராது. எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் நிரல்களில் பி.எச்.டி. மாணவர்களின் கையும் இருக்கிறது.

கோட்பாட்டாளர்கள் தாளில் கணக்குப் போடுவார்கள். நாங்கள் கருவி கட்டுவோம், கேபிள் இழுப்போம், நிரல் எழுதுவோம், ராத்திரி ஷிஃப்ட் பார்ப்போம், ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் பிழையளவு சரியா என்று மாதக்கணக்கில் வாதாடுவோம். இதில் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கையால் எதையாவது பிரித்துப் பூட்டுகிற பிள்ளைக்கு இங்கே நிறைய இடம் இருக்கிறது.

இந்தத் துறையில் யாரும் தனியாகக் கட்டுரை எழுதுவதில்லை. 2015-இல் அட்லஸும் சி.எம்.எஸ்ஸும் சேர்ந்து, மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை வருவதை விளக்கும் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. அதற்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் அந்தப் பெயர்ப் பட்டியலுக்கே போனது, எல்லாம் அகரவரிசையில். அப்படிப்பட்ட பட்டியலில் உங்கள் பெயரை வைத்து யாரும் உங்களுக்கு வேலை தர மாட்டார்கள். நீங்கள் எந்த வேலையைப் பிடித்து முடித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். தோட்டத்தில் அம்மாவுக்கு என்று ஒரு நிரை இருந்தது. பட்டையைப் பார்த்தாலே அது யார் வெட்டிய மரம் என்று கங்காணிக்குத் தெரியும். ஆய்விலும் உங்களுக்கு என்று ஒரு நிரை வேண்டும். ட்ரிகரில் ஒரு பகுதி, டிடெக்டரின் ஒரு சென்சர், தேடும் துகளைப் போலவே தோன்றும் வேறு மோதல்களை, அதாவது பின்னணியை, கணக்கிடும் ஒரு முறை, இப்படி ஏதாவது ஒன்று. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு கட்டத்திலும் இதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பள்ளியில் இருக்கும்போது

படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தை விடாதீர்கள். இயற்பியலில் ஏ வாங்கி, கூடுதல் கணிதத்தைக் கைவிட்டால் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். எஸ்.பி.எம்முக்குப் பிறகு மெட்ரிகுலேஷனா, படிவம் ஆறா என்று வீட்டில் பேச்சு வரும். மெட்ரிகுலேஷன் ஒரு வருடத்தில் முடியும், இடம் கிடைத்தால் போகலாம், தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால் படிவம் ஆறு என்பேன். மூன்று பருவமும் உழைக்க வேண்டும், சலிப்பு வரும். இருந்தாலும் படிவம் ஆறின் தேர்வான எஸ்.டி.பி.எம். இயற்பியலும் கணிதமும் போடுகிற அடித்தளத்தில் பல்கலைக்கழக முதல் வருடம் பயமில்லாமல் போகும். வெளிநாட்டிலும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

இந்த வயதில் செய்யக்கூடிய இரண்டு காரியங்களை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலேயே செய்து பார்க்கலாம்.

ஒன்று, மேக அறை. வான்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூயான்கள், எலக்ட்ரான் மாதிரியே ஆனால் அதைவிடக் கனமான துகள்கள், இந்த நிமிடம் உங்கள் மேலேயும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று, அதாவது உள்ளங்கை வழியாக விநாடிக்கு ஒன்று. அவற்றின் தடத்தைக் கண்ணால் பார்க்க ஒரு சின்ன மீன் தொட்டி போதும். தொட்டியின் அடியில் உள்பக்கமாகத் தடித்த ஃபெல்ட் துணியை ஒட்டி, அதில் ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலை நன்றாக ஊற்றி நனையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதம் சரிப்படாது, 99 சதவீதம் கேட்டு வாங்குங்கள். கறுப்புச் சாயம் பூசிய உலோகத் தகட்டை உலர் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். தொட்டியைக் கவிழ்த்து அந்தத் தகட்டின் மேல் வைத்து, ஓரம் முழுக்க டேப் போட்டு அடையுங்கள். நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போனால் பனி படிந்து ஒன்றும் தெரியாது, அதனால் இந்த டேப் வேலையில் அவசரப்படக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். தகட்டுக்குச் சற்று மேலே வெள்ளை நூல் மாதிரி தடங்கள் வந்து வந்து கலையும். குட்டையாகவும் தடித்தும் இருப்பவை ஆல்ஃபா துகள்கள், காற்றில் இருக்கும் ரேடான் தருவது. மெல்லிய நேர்க்கோடுகளில் மியூயான்கள் இருக்கும். வளைந்து நெளிந்து போவது எலக்ட்ரான். உலர் பனிக்கட்டியின் குளிர் மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை போடாமல் தொடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஆசிரியர் ஒருவர் கூட இருக்கட்டும். நான் இதைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். முதல் தடம் தெரிந்ததும் எழும் சத்தம் மண்டபத்துக்கு வெளியே கேட்கும்.

இரண்டு, உண்மையான தரவு. செர்ன் 2014 முதல் தன் தரவுகளின் ஒரு பகுதியை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது, காசு கேட்பதில்லை. அதில் இரண்டு மியூயான் வந்த மோதல்களின் பட்டியல் எக்செல்லில் திறக்கிற மாதிரி சின்னக் கோப்பாகவே கிடைக்கிறது. பழைய மடிக்கணினி போதும், கூகுள் கோலாபில் உலாவி வழியாகவே பைத்தான் ஓட்டலாம். ஒவ்வொரு மோதலிலும் இரண்டு மியூயான்களின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டி, அவை ஒரே துகளிலிருந்து பிறந்திருந்தால் அதன் நிறை எவ்வளவு என்று கணக்கிட்டு, வரைபடம் போடுங்கள். சமவெளி மாதிரி போகும் கோட்டில் 3.1-க்குப் பக்கத்தில் ஒரு கூர்மையான மேடு எழும். அது 1974-இல் கண்டுபிடித்த ஜே-சை. 9.5-க்குப் பக்கத்தில் உப்சிலான். 91-இல் பெரிய மேடு, அதுதான் 1983-இல் செர்னில் கண்டுபிடித்த இசட் துகள். எல்லாம் ஜிகா எலக்ட்ரான் வோல்ட் கணக்கில். இவற்றில் ஜே-சையும் இசட்டும் நோபல் பரிசு வாங்கித் தந்தவை, அவற்றை நீங்கள் வீட்டு மேசையிலிருந்தே பார்க்கிறீர்கள். இந்த வரைபடத்தையும் நிரலையும், நிரல்களை எல்லோரும் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு பேர் ஒத்த மனதுடன் இருந்தால், செர்ன் நடத்தும் பள்ளி மாணவர்களுக்கான பீம்லைன் போட்டிக்குச் சேர்ந்து எழுதுங்கள். உண்மையான துகள் கற்றையில் என்ன பரிசோதனை செய்யலாம் என்று குழுவாகத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். வெற்றி பெறும் குழுக்களை அழைத்துப் போய் அந்தப் பரிசோதனையையே செய்ய விடுவார்கள். கிடைக்காவிட்டாலும் திட்டம் எழுதின பழக்கம் கூடவே வரும்.

பட்டப்படிப்பு

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் மருத்துவம், பார்மசி, எஞ்சினியரிங் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இயற்பியலைப் போடாதீர்கள். விருப்பம் இதுதான் என்றால் முதலிலேயே போடுங்கள். துகள் ஆய்வுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய துகள் இயற்பியல் மையம் இருக்கிறது. சி.எம்.எஸ். கட்டுரைகளின் நிறுவனப் பட்டியலில் அதன் பெயரைப் பார்க்கலாம். வேறு பல்கலைக்கழகம் கிடைத்தாலும் கவலை இல்லை. குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், புள்ளியியல் மூன்றும் பலமாக இருக்கட்டும். அவற்றிலும் புள்ளியியலை நம் பாடத்திட்டங்களில் குறைவாகத்தான் சொல்லித் தருகிறார்கள், நீங்களாகவே படிக்க வேண்டி வரும். லினக்ஸ், பைத்தான், கொஞ்சம் சி பிளஸ் பிளஸ், அப்புறம் செர்னில் உருவான ரூட் என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருள், இவை கைக்குப் பழகிவிட்டால் எந்தக் குழுவிலும் முதல் வாரத்திலேயே உபயோகமான ஆளாக இருப்பீர்கள்.

மூன்று வருடப் படிப்பு முடியும் கட்டத்தில் செர்ன் கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். மலேசியா செர்னின் உறுப்பு நாடு இல்லை. ஆனால் உறுப்பினரல்லாத நாட்டு மாணவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இடம் மிகக் குறைவு. ஹாம்பர்க்கில் இருக்கும் டெசி ஆய்வுக்கூடமும் இதே மாதிரி திட்டம் வைத்திருக்கிறது, அதற்கும் போடுங்கள். இரண்டின் கெடுவும் கல்வியாண்டின் நடுவில் வந்துவிடும், அந்த நேரத்தில் பரிந்துரைக் கடிதத்துக்கு விரிவுரையாளரைத் தேடி ஓட வேண்டாம். ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே பெயர் விஷயத்தையும் முடிவு செய்துவிடுங்கள். நம் பாஸ்போர்ட்டில் இன்னாரின் மகன், மகள் என்று சொல்ல ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். வெளிநாட்டு அலுவலகங்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், சில இடத்தில் அந்த ஏ/பி-யையே பெயரில் சேர்த்துவிடும். முதல் கட்டுரை வருவதற்கு முன் எந்த வடிவத்தில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று தீர்மானித்து, கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் ஒன்றையும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் உங்கள் வேலை உங்களிடம் வந்து சேரும்.

பி.எச்.டி.

அப்பா அம்மா இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். துகள் இயற்பியலில் வெளிநாட்டு பி.எச்.டிக்கு வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் அது சம்பளமுள்ள வேலை. அமெரிக்காவில் நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் தருகின்றன. பணம் கட்டிச் சேரச் சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும், மூன்று நான்கு வருடத்தில் முடியும். அமெரிக்காவில் இளங்கலையோடு சேரலாம், ஐந்தாறு வருடம் பிடிக்கும், விண்ணப்பம் டிசம்பர் வாக்கில். ஐரோப்பிய இடங்கள் வருடம் முழுக்க இன்ஸ்பயர் என்ற துகள் இயற்பியல் தளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வரும், அதை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. அவர் குழு சமீபத்தில் செய்த ஒரு வேலையைப் பற்றி ஒரு கேள்வி, உங்கள் கிட்ஹப் இணைப்பு, எப்போது சேர முடியும் என்ற தகவல். சிறு வயதிலிருந்தே அறிவியல் பிடிக்கும் என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வரும். அழைத்துப் பேசினால் நீங்களும் கேள்வி கேளுங்கள். மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள்? டிடெக்டர் வேலை, தரவுப் பகுப்பாய்வு இரண்டும் கிடைக்குமா? செர்னில் எவ்வளவு காலம் தங்கலாம்? அந்தக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரோடு தனியாகப் பேசக் கேளுங்கள். மேற்பார்வையாளர் நல்லவரா என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அது முக்கியம்.

உள்ளே போன பிறகு

அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டிலுமே ஆசிரியர் பட்டியலில் சேர முதலில் பரிசோதனைக்காக ஒரு பொது வேலை செய்து தர வேண்டும். சென்சர் சோதிப்பது, அளவீடுகளைச் சரிபார்ப்பது, கண்காணிப்பு மென்பொருள் எழுதுவது மாதிரி. சிலர் இதைக் கடமைக்குச் செய்து முடிப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் நிரை இங்கேதான் தொடங்குகிறது. மூன்று நான்கு வருடம் கழித்து 'அந்த அளவீடு என்றால் அவளைக் கேளுங்கள்' என்று முகம் தெரியாத ஒருவர் சொல்ல வேண்டும்.

சி.எம்.எஸ். கட்டுப்பாட்டு அறை பிரான்சின் செஸி கிராமத்தில் இருக்கிறது. ராத்திரி ஷிஃப்டில் திரையில் எதாவது சிவப்பாக மாறினால், நீங்கள் எவ்வளவு இளையவராக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் முன்னால் பேசத் தயக்கம் இருக்கும். மரியாதையை வைத்துக்கொள்ளுங்கள், தயக்கத்தை விடுங்கள். வாரக் கூட்டத்தில் புரியாததைக் கேட்கும் மாணவரைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

பகுப்பாய்வில் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு. தேடும் துகள் எங்கே தெரிய வேண்டுமோ அந்தப் பகுதியின் தரவை, முறை முழுவதும் முடிவாகும் வரை பார்க்கக் கூடாது. பார்த்தால் மனம் தனக்குப் பிடித்ததைத் தேட ஆரம்பித்துவிடும். ஒரு முடிவு தற்செயலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சிக்மா என்ற புள்ளியியல் அளவால் சொல்வோம். ஐந்து சிக்மா வந்தால்தான் கண்டுபிடிப்பு என்போம். வெறும் தற்செயலாக அப்படி வர வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று. 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் அறிவிப்பு வந்தது இந்த அளவுகோலை எட்டிய பிறகுதான். 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டிலும் ஒரு மேடு தெரிந்தது. நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்து குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு சேர்ந்ததும் அது மறைந்துபோனது. அதற்கு முன்பு, 2011-இல் ஓபரா என்ற ஆய்வுக் குழு, எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ துகள் ஒளியை முந்திவிட்டது என்ற அளவீட்டை வெளியிட்டது. சரியாகப் பொருத்தாத ஒரு ஃபைபர் கேபிள்தான் முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஆகவே உங்கள் வரைபடத்தில் புதிதாக எதாவது தெரிந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள், பிறகு நிரலைப் பாருங்கள், பிறகு உங்களுக்குப் பிடிக்காத சக ஆய்வாளரிடம் காட்டுங்கள். அவர்தான் சரியாகக் குறை கண்டுபிடிப்பார்.

அதற்கு அப்புறம்

பி.எச்.டி. முடிந்ததும் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வு வேலை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தம், பெரும்பாலும் வேறு நாடு. நிரந்தர இடம் கிடைப்பதற்குள் முப்பது வயது தாண்டிவிடும், இரண்டு போஸ்ட்டாக் ஆகிவிடும். நிரந்தர இடங்கள் குறைவு, நல்ல ஆய்வாளர்கள் பலருக்கே கிடைப்பதில்லை. இதை மறைத்துப் பிள்ளைகளை அழைப்பது நியாயமில்லை. விண்ணப்பத்துக்கு வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். மேற்பார்வையாளர் ஒருவர், கூட்டாய்வில் உங்கள் பொது வேலையைப் பார்த்தவர் ஒருவர், வேறு நிறுவனத்திலிருந்து ஒருவர் என்று இருந்தால் நல்லது. இரண்டாவது கடிதத்தை எழுதுபவர் நீங்கள் எதைக் கட்டி முடித்தீர்கள் என்று சொல்ல முடிந்தால் அது மற்ற இரண்டையும்விடக் கனம்.

காலத்தையும் கணக்குப் போடுங்கள். எல்.எச்.சியின் அடுத்த கட்டம், மோதல்களைப் பல மடங்கு கூட்டும் மேம்பாடு, 2030 வாக்கில் தொடங்கத் திட்டம். இன்று படிவம் ஐந்தில் இருப்பவர் பி.எச்.டிக்குப் போகும்போது அந்தத் தரவு வந்துகொண்டிருக்கும். ஜெனீவா மட்டுமே பாதை என்றும் இல்லை. ஜப்பானில் ட்சுகுபாவின் பெல் 2 பரிசோதனை, கமியோக்காவில் பூமிக்கடியில் 50,000 டன் நீர் நிரப்பிய சூப்பர் கமியோகாண்டே என்ற நியூட்ரினோ டிடெக்டர், சீனாவில் ஜூனோ என்ற நியூட்ரினோ டிடெக்டர், எல்லாம் நமக்குப் பக்கம். ஒரு விஷயம் எனக்கு எப்போதும் தெம்பு தரும். வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பிடித்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், 1965-இல், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில். அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள்.

நிரந்தர இடம் அமையாவிட்டால் படித்தது வீணாகாது. இந்தப் புள்ளியியலும் நிரலும் தெரிந்தவர்களை வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன. புற்றுநோய்க்குப் புரோட்டான் கதிர் சிகிச்சை, பெட் ஸ்கேன், இரண்டிலும் இருப்பது எங்கள் முடுக்கியும் டிடெக்டரும்தான்.

பெண் பிள்ளை இருக்கும் வீடுகளில் வேறொரு கேள்வியும் வரும், அவ்வளவு தூரம் தனியாகவா என்று. நானும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போனேன். ஹிக்ஸ் அறிவிப்பு வந்தபோது அட்லஸ் குழுவின் தலைவராக மேடையேறியவர் ஃபபியோலா ஜனோட்டி. 2016 முதல் பத்து வருடம் செர்னையே நடத்தினார். செர்னில் வெளிநாட்டு மாணவர்கள் தங்க விடுதிகள் உண்டு, பக்கத்தில் பிரெஞ்சு கிராமங்களில் அறை எடுத்துப் பலர் சேர்ந்தே இருப்பார்கள். முதல் மாதம் தினமும் வீட்டுக்குப் பேசச் சொல்லுங்கள், அதற்கு மேல் பிள்ளையே பழகிவிடும்.

இந்தப் பள்ளி விடுமுறையில் மியூயான் கோப்பைத் திறந்து 91-இல் மேடு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் கோணத்தை டிகிரியா ரேடியனா என்று மாற்றிப் போட்டிருப்பீர்கள். மேடு வந்தும் மங்கலாகத் தெரிந்தால், ஒரே மின்னேற்றம் உள்ள மியூயான் ஜோடிகளையும் சேர்த்திருப்பீர்கள். எதிரெதிர் மின்னேற்றம் உள்ள ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள்.